தராசு காட்டியதைத்தான் சொன்னேன்

ஜூன் 8, சனிக்கிழமை

டைரி எழுதுவதெல்லாம் எனக்கு வழக்கமில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் உறுப்பு தானம் கவனிக்கிற டெய்சி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: தின்பது, நடப்பது, எடை, மூன்றையும் தினம் எழுத வேண்டுமாம். அதற்கென்று புது நோட்டு வாங்குவானேன். கூட்டுறவுச் சங்கம் கொடுத்த போன வருஷ டைரி பரணில் சும்மா கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். அக்கா சண்முகக்கனிக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. ஒரு சொட்டுக் குடித்தறியாதவள். அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. ஈரலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க ரத்த சொந்தத்தில் இருப்பது இரண்டே பேர். நான், அப்புறம் அவள் மகள் துர்கா. துர்காவுக்குப் பத்தொன்பது வயது. "எம்புள்ள மேல கத்தி படக் கூடாது" என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆப்பரேஷன் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொள்ளும். ஆக, நான்தான்.

டாக்டர் என் வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஈரல் முழுக்கக் கொழுப்பு. எடை எண்பத்து மூன்று. எழுபத்தைந்துக்கு இறங்கினால்தான் மேற்கொண்டு பார்ப்போம், இரண்டு மாதத்துக்குள் இறங்குங்கள் என்றார். அதற்குமேல் அக்காவுக்குத் தாங்காது என்பதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எட்டுக் கிலோதானக்கா, ஊதித் தள்ளிருவேன்" என்று அவளிடம் பெரிய இவன் மாதிரிச் சொல்லிவிட்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மதுரையில் இறங்கி நாலு பூரி சாப்பிட்டேன். இதையும் எழுதத்தானே சொன்னார்கள்.

ஜூன் 10, திங்கள்

கடைத்தெரு ஜிம்மில் விசாரித்தேன். அவர்கள் கேட்ட மாதக் கட்டணத்தை என் வீட்டுக்காரி முனீஸ்வரியிடம் சொன்னால் என்னையே வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள். நகராட்சிப் பூங்காவில் இலவசமாக வைத்த இரும்புச் சாமான்கள் உண்டு. ஒன்றுக்குப் பெடல் இல்லை. இன்னொன்றில் காவல்காரர் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் மேல்நிலைப்பள்ளி மைதானம்தான் என்று முடிவானது. ஒன்றரைச் சுற்றில் நாக்குத் தள்ளிவிட்டது.

எடை பார்க்க மட்டும் நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ரேஷன் கடை விற்பனையாளனுக்குத் தராசுக்கா பஞ்சம். கடை திறக்குமுன் ஏறி நின்றேன். எண்பத்தேழு காட்டியது. எங்கள் கடைத் தராசு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும். கிடங்கிலிருந்து வருகிற மூட்டை குறைந்துதான் வருகிறது, அந்தக் குறையை யார் தலையில் கட்டுவது? எனக்கு முன்னால் இருந்தவர் செய்துவைத்த ஏற்பாடு அது. நான் நோண்டவில்லை. கழித்துப் பார்த்தால் எண்பத்து மூன்று. ஆஸ்பத்திரி எடையோடு அச்சாக ஒத்துப்போயிற்று. வாராவாரம் திங்கட்கிழமை டெய்சி மேடத்துக்குப் போன் செய்து எடையைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

காலை: கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம். மதியம்: ஒரு கரண்டிச் சோறு, கொள்ளு ரசம், கீரை. இரவு: கொள்ளு ரசம். முனீஸ்வரி எண்ணெய்க் குப்பியை எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருக்கிறாள். "நீங்க கேட்டாலும் தர மாட்டேன். மதினி உசுரு உங்க வாயிலதான் இருக்கு" என்கிறாள்.

கடையில் மூட்டை இறக்க வருகிற பால்சாமியோடு சேர்ந்து நானும் பத்து மூட்டை தூக்கினேன். "அண்ணே, எம்பொழப்பக் கெடுக்காதீக. ஜிம்முக்குக் காசு இல்லைன்னா எங்கிட்ட ஏன் வர்றீக?" என்று சிரித்தான். முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் மூட்டை தூக்குவதற்கு எவனும் கட்டணம் கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

தராசில் 85.9. கழித்தால் எண்பத்தொன்று எண்ணூறு. டெய்சி மேடத்திடம் சொன்னேன். "சூப்பர் சார்" என்றார். அந்த அம்மாள் சூப்பர் என்றதற்காகவே சாயங்காலமும் நடந்தேன்.

ஜூன் 19, புதன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மைதானத்தில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன். விறகுக்கட்டோடு போன மாரியக்கா நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். இருபது வருஷக் கார்டுக்காரி.

"என்ன சேல்ஸ்மேனு, வயித்தக் கரைக்கீகளோ?"

"ஆமாக்கா. டாக்டர் சொல்லிருக்காரு."

"கரைங்க கரைங்க. எங்க அரிசியில கொறைஞ்சதெல்லாம் எங்க போச்சுன்னு இத்தன நாளா தேடுனோம். இங்கனதான் இருக்கா!"

கூட வந்த இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது. நாளையிலிருந்து ஊர் எழுமுன் நடக்க வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

84.2. கழித்தால் எண்பது, சொச்சம். சொன்னேன். சாக்கு தைக்கிற சணலை முறுக்கிக் கயிறு திரித்து ஸ்கிப்பிங் ஆடுகிறேன். கீழ்வீட்டுக்காரர் கூரை இடிகிறதா என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 1, திங்கள்

மாதப் பிறப்பு, கடையில் சரியான கூட்டம். 82.7. கழித்தால் எழுபத்தெட்டே முக்கால். டெய்சி மேடம் போனிலேயே கைதட்டினார். "சார், இதே மாதிரி போனா இன்னும் மூணே வாரம். அக்காவுக்கு டேட் வாங்கிடலாம். பேப்பர்ஸ் எல்லாம் போன்ல அனுப்பறேன், படிச்சு வைங்க."

அக்காவிடம் பேசினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "எட்டுக்கிலோ ஆளு எம்புட்டு ஆயிட்ட?" என்று கேட்டுச் சிரித்தாள். நாலு கிலோ முடிச்சாச்சு என்றேன். அன்றைக்கு நான் நன்றாக இருந்தேன். அதைப் பதிந்து வைக்கிறேன்.

ஜூலை 3, புதன்

பேப்பர்களைப் படித்தேன். எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. வெட்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று படம் போட்டிருக்கிறார்கள். எத்தனை நாள் படுக்கை, எத்தனை மாதம் பளு தூக்கக் கூடாது, என்னென்ன ஆகலாம் என்றெல்லாம் வரிசையாக இருக்கிறது. கொடுப்பவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம், மிக அரிது என்று ஒரு வரி. மிக அரிது என்றால் நேர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

முனீஸ்வரி படித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜூலை 4, வியாழன்

நடந்தேன்.

ஜூலை 8, திங்கள்

தராசு 80.9 காட்டியது. டெய்சி மேடத்திடம் எண்பத்தொன்று என்றேன்.

"என்ன சார், போன வாரம் எழுபத்தெட்டே முக்கால் சொன்னீங்க?"

"கல்யாண வீடு மேடம். ரெண்டு நாள் பந்தி."

"அய்யோ சார், இப்பப் போய்! சரி விடுங்க, திரும்ப ஆரம்பிங்க."

தராசு காட்டியதைத்தான் சொன்னேன். ஊர் முழுக்க அந்தத் தராசை நம்பித்தானே வாங்கிப் போகிறது. மூன்று வாரமாக அந்த ஐம்பது கிராமைக் கழித்துச் சொன்னது நானாகப் போட்ட மனக்கணக்கு. அது தப்பாகக்கூட இருக்கலாம். கல்யாணம் என்றதுதான் பொய். ஆனி மாதம், முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்லை, அந்த அம்மாள் நம்பிவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

துர்கா கூப்பிட்டாள். எனக்கும் முனீஸ்வரிக்கும் பிள்ளை இல்லை. துர்கா நடை பழகியது எங்கள் வீட்டு வாசலில்தான். அவளும் அக்காவும் இப்போது சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூமில் இருக்கிறார்கள்.

"மாமா, எடை ஏறிருச்சாமே. டெய்சி மேடம் சொன்னாங்க. கஷ்டமா இருக்கா?"

"கொஞ்சம் முன்னப் பின்ன ஆகுது தாயி."

"நான் ஒண்ணு சொல்லுவேன், அம்மாட்ட சொல்லக் கூடாது. நானும் டெஸ்ட் குடுத்துட்டேன். எல்லாம் பொருந்துது. ஆனா நான் நாப்பத்து ரெண்டரைதான் இருக்கேன். நாப்பத்தஞ்சாவது வேணுமாம். அதனால இப்ப நான் தின்னுக்கிட்டே இருக்கேன். கடலை, வாழைப்பழம், ஆஸ்பத்திரி கேண்டீன் முட்டை. நீங்க எறங்குங்க, நான் ஏறுறேன். யாரு முதல்ல வர்றோமோ அவங்க குடுப்போம். சரியா?"

பந்தயம் மாதிரி சொல்லிச் சிரித்தாள். சரி என்று சொன்னேன். கண்டிப்பாக வேண்டாம் என்றிருக்க வேண்டும். போனை வைத்த பிறகு ஒரு ஐந்து நிமிடம் மனசு லேசாக இருந்தது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

வேண்டுமென்றே டீக்கடையில் இரண்டு போண்டா வாங்கினேன். ஒன்றரைக்கு மேல் இறங்கவில்லை. வயிறு பழகிவிட்டது. காலும் அப்படித்தான், நாலரைக்கு விழித்துவிடுகிறது. எட்டுச் சுற்று ஓடிவிட்டு வந்தேன். ஓடுகிறவரைக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் படம் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 15, திங்கள்

79.6. அப்படியே சொன்னேன். கழித்துப் பார்க்கவில்லை.

துர்கா 43.4. "மாமா, சோம்பேறித்தனமா இருக்கீங்க. நான் ஜெயிச்சிருவேன் போலயே!"

ஜூலை 17, புதன்

பால்சாமி: "அண்ணே, ஆளு பாதியாயிட்டீக. சுகர் கிகர் இருக்கான்னு பாத்துக்கிருங்க."

மாரியக்கா, வரிசையில் நின்றபடி: "சேல்ஸ்மேனு, அக்காவுக்காகவாமே? தெரியாமப் பேசிட்டேன்யா அன்னைக்கு. மனசுல வச்சுக்காதீக. நல்லாயிரும்."

அவளுக்கு இருபது கிலோ அரிசி போட்டேன். தராசில் இருபதுதான் காட்டியது.

ஜூலை 22, திங்கள்

78.1. சொன்னேன். டெய்சி மேடம் இந்தத் தடவை ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "பரவால்ல சார், எல்லாராலயும் முடியாது" என்றார். திட்டியிருக்கலாம்.

துர்கா 44.5. அக்காவுக்கு வயிற்றில் மறுபடி நீர் எடுத்தார்களாம். நேற்று ரத்த வாந்தி. இதைச் சொல்லும்போதும் அந்தப் பெண் எதையோ மென்றுகொண்டேதான் பேசினாள். பசியே இல்லாமல் தின்கிறாள் என்பது போனிலேயே தெரிந்தது.

ஜூலை 25, வியாழன்

டெய்சி மேடம் அவராகவே கூப்பிட்டார்.

"சார், இனிமே நீங்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். துர்கா இன்னைக்கு நாப்பத்தஞ்சு தொட்டுட்டா. திங்கக்கிழமை அட்மிட் பண்ணி அவளுக்கு ஸ்கேன் எடுக்கிறோம். அக்காவை எப்படிச் சம்மதிக்க வைக்கிறதுன்னுதான் பாக்கணும். நீங்க பேசினா கேப்பாங்க இல்ல?"

பேசுகிறேன் என்றேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. பாவம், எவ்வளவோ முயற்சி பண்ணினான், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றுதான் ஊர் பேசும். மதியம் பால்சாமி மூட்டையைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோனான். ஐம்பது கிலோ மூட்டை. ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பீடியை எறிந்துவிட்டுப் போனான். துர்கா ஒரு மூட்டைகூட வர மாட்டாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை. சர்வர் கிடைக்கவில்லை என்று சொல்லி வரிசையை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லை. சாக்குச் சணலை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். முனீஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுபத்தெட்டுக் கிலோ ஆளுக்குத்தான் இந்தக் கயிறா?"

கயிற்றை இறுக்கி முடிந்தேன்.

"எனக்கு மூணு வாரமாத் தெரியும். உங்க சட்டையத் துவைக்கிறவ நானு. நானும் வாயத் தொறக்கல. நீங்க படுத்துட்டா எனக்கு யாரு இருக்கான்னு நெனச்சேன். மதினி செத்தாலும் பரவால்லன்னு நெனச்சிருக்கேன்னா பாருங்க." சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பச்சப்புள்ள தின்னு தின்னு தன்னைத் தயார் பண்ணுது. நம்மளவிடக் கேடுகெட்டதுக உண்டா, சொல்லுங்க."

அப்புறம் அவள் எழுந்து என் பையில் இரண்டு வேட்டியும் துண்டும் எடுத்துவைத்தாள்.

இன்னொன்று. எனக்கு முன்னால் இருந்தவர் செய்த ஏற்பாடு என்று ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன். பொய். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆளைக் கூட்டிவந்து தராசைத் திருத்தியது நான்தான். யாரும் படிக்காத டைரியில்கூட எனக்கு நிஜம் வரவில்லை. கடையை விட்டுக் கிளம்பும்முன் அதே ஆளைக் கூப்பிட்டுத் தராசைச் சரியாக்கினேன். ஏறி நின்றேன். 73.9.

ஜூலை 29, திங்கள், சென்னை

ஆஸ்பத்திரியில் துர்கா அட்மிஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி தின்ற வாழைப்பழம். என்னைப் பார்த்ததும் வாய் பிளந்தாள். "மாமா! என்ன இப்படி எளைச்சுட்டீங்க?"

டெய்சி மேடம் என்னைத் தராசில் ஏற்றினார். 73.6. இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார். அதே 73.6.

"மாமா ஜெயிச்சுட்டாரு!" துர்கா கத்தியே விட்டாள். நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிக்கொண்டே இருந்தவள் மெதுவாக நிறுத்தினாள். கல்லூரியில் கணக்கு படிக்கிற பெண்.

"போன திங்கள் எழுபத்தெட்டுன்னு சொன்னீங்களே மாமா."

"ஆமா தாயி."

"ஒரு வாரத்துல நாலரைக் கிலோவா?"

"இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே எழுபத்தஞ்சுக்குப் பக்கமா வந்துட்டேன். பயந்துக்கிட்டு சொல்லல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். டெய்சி மேடம் பேப்பரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். துர்கா மிச்ச வாழைப்பழத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "அம்மாவுக்கு மாத்திரை நேரம்" என்று போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்தார். "யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லுங்க. உங்க உடம்புக்கு ஆகாதுன்னு நாங்களே சொல்லிக்கிறோம், காரணம் வெளிய போகாது" என்றார். அப்படி ஒரு கதவு முதலிலிருந்தே திறந்துதான் இருந்திருக்கிறது. நான்தான் சந்து வழியாக ஓடியிருக்கிறேன்.

"பயமா இருக்கு சார். பயத்தோடயே குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் குடுக்கிறாங்க" என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஸ்கேன் முடிந்தது. ஈரல் நன்றாக இருக்கிறதாம். கூழுக்கும் கொள்ளுக்கும் மைதானத்துக்கும் இவ்வளவு சக்தியா என்று டாக்டர் மற்ற டாக்டர்களுக்கு என்னைக் காட்டிப் பேசினார். ஆனால் அக்காவுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி. அது இறங்காமல் ஆப்பரேஷன் இல்லை. மூன்று வாரம் முன்னால் என்றால் இந்தக் காய்ச்சலே இல்லை என்று நர்ஸ் யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

காய்ச்சல் நூற்றிரண்டு. ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். எடை ஏறிவிடக் கூடாது. துர்கா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வருகிறாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. புதன்கிழமை தேதி கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நாளைக் காலை ஆறரைக்கு இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோகிறார்கள். முனீஸ்வரி வந்துவிட்டாள்.

மதியம் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். கை குச்சியாகிவிட்டது. ஆனாலும் நினைவு தெளிவாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "எந்தம்பி எனக்காகப் பத்துக் கிலோ எறக்கிருக்கான், இப்படித் தம்பி யாருக்கு வாய்க்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துர்கா சொல்லவில்லை என்று புரிந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தராசு, கல்யாணப் பந்தி, துர்காவின் பந்தயம், போன் வைத்ததும் மனசு லேசானது, எல்லாம். அவள் காலைத் தொட்டேன்.

அக்கா காலை இழுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"எனக்குத் தெரியாம எம்புள்ள படுக்கத் தயாரா இருந்துருக்கா. நீ அதைப் பாத்துக்கிட்டே இருந்துருக்க."

"ஆமாக்கா. மன்னிச்சிரு."

"மன்னிப்புக் கின்னிப்புன்னு வாயத் தொறக்காத. உன் ஈரலைக் குடு, வாங்கிக்கிறேன். எம்புள்ளைக்காக வாங்கிக்கிறேன். பொழச்சு எந்திரிச்சேன்னா மொத வேலையா உன்னைச் செருப்பால அடிப்பேன். அதுக்கப்புறம் மன்னிக்கலாமா வேணாமான்னு பாக்கிறேன். இப்பப் போயிரு."

வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. அந்த அடியை வாங்காமல் மட்டும் நான் போய்விடக் கூடாது. அவளும் போய்விடக் கூடாது. எழுந்து நின்று, கை ஓங்க அவளுக்குத் தெம்பு வரட்டும்.